எல்லோருக்கும் நிலுவை பூஜ்யம்: ஒரு கல்லூரி நூலகத்தின் பெர்ல் ஸ்கிரிப்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகம். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அபராதம் போடுவது எல்லாம் கோஹா மென்பொருளில் நடக்கிறது. கோஹா நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. இலவசம், திறந்த மூலம், பெர்ல் மொழியில் எழுதியது. நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இதுதான் ஓடுகிறது.

கோஹாவோடு வருவது போதாமல் இந்த நூலகம் தனக்கென்று சில பெர்ல் ஸ்கிரிப்ட்களை (சின்னச் சின்ன நிரல்களை) வைத்திருந்தது. இந்த ஆய்வுக்கு இரண்டு முக்கியம். ஒன்று, தவணை தாண்டிய புத்தகங்களுக்கு இரவில் மின்னஞ்சல் அனுப்புவது. இன்னொன்று, இறுதியாண்டு மாணவர்களுக்கு நோ டியூஸ் பட்டியல், அதாவது நூலகத்துக்குப் பாக்கி இருக்கிறதா என்று காட்டும் பட்டியல் எடுப்பது. டிசி வாங்க வேண்டுமானால் ஒவ்வொரு துறையிலும் கையெழுத்து வாங்க வேண்டும். நூலகக் கையெழுத்து இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் விழும். முதல் ஸ்கிரிப்ட் தினமும் ஓடும். இரண்டாவது ஏப்ரல் கடைசியில் மட்டும்.

இவற்றை எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார். இப்போது பார்த்துக்கொள்பவர் கணினி ஆய்வகத்தில் இருக்கும் ஒரு புரோகிராமர். பெர்ல் அவருக்குப் புதிதல்ல, ஆனால் அன்றாடம் எழுதும் மொழியும் அல்ல. புத்தகம் வைத்திருந்தவர்களுக்கும் நிலுவை பூஜ்யம் என்று அந்தப் பட்டியல் காட்டிய விஷயம் வெளியே வந்த பிறகு, ஸ்கிரிப்ட்களின் கோடை (நிரலை) பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். நூலகரும் புரோகிராமரும் சொன்னது, லாக் கோப்புகள், கோடின் பழைய பிரதிகள் ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

கோஹாவுக்குள் இரண்டு தலைமுறைக் கோடு இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சி4 என்று தொடங்கும் மாட்யூல்கள் (தனித்தனிக் கோடு கோப்புகள்) பழைய பாணி: ஃபங்ஷன்களை, அதாவது ஒரு வேலையைச் செய்து விடை தரும் கோடு துண்டுகளை, எக்ஸ்போர்ட் செய்யும் (வெளியே பயன்படுத்தக் கொடுக்கும்), கூப்பிடுகிறவர் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கோஹா என்று தொடங்குபவை பெரும்பாலும் புதிய பாணி: ஆப்ஜெக்ட் ஒன்றை (தகவலையும் அதற்கான ஃபங்ஷன்களையும் சேர்த்து வைத்திருப்பதை) எடுத்து அதன் மெதடை (அதற்குரிய ஃபங்ஷனை) கூப்பிட வேண்டும். நம் ஸ்கிரிப்ட்கள் பழைய பாணியில் இருந்தன. மேலே ‘யூஸ் சி4::ஓவர்டியூஸ்;’, ‘யூஸ் கோஹா::டேட்யூட்டில்ஸ்;’ என்று மாட்யூல்களைக் கொண்டுவரும் இரண்டு வரி. கீழே கேல்க்ஃபைன், டிடி_ஃப்ரம்_ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன்கள் தாராளமாகப் புழங்கின. எது எந்த மாட்யூலிலிருந்து வருகிறது என்று அந்தக் கோப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

டிசம்பர்: மேம்படுத்தலும் முதல் உடைசலும்

டிசம்பர் விடுமுறையில் கோஹாவைப் புதிய வெளியீட்டுக்கு ஏற்றினார்கள். பழையது 21.11-க்கு முந்தையது, புதியது அதற்குப் பிந்தையது. நடுவில் இருக்கும் 21.11 வெளியீட்டில் கோஹா குழு ஒரு பெரிய ஒழுங்குபடுத்தலைச் செய்திருந்தது. மாட்யூல்கள் அதுவரை @எக்ஸ்போர்ட் பட்டியலில் வைத்திருந்த ஃபங்ஷன்களை @எக்ஸ்போர்ட்_ஓகே பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். @எக்ஸ்போர்ட்டில் இருந்தால், மாட்யூலை யூஸ் செய்தாலே கேட்காமல் வந்து சேரும். @எக்ஸ்போர்ட்_ஓகேயில் இருந்தால் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். இந்தப் பட்டியல்களைக் கையாளும் எக்ஸ்போர்ட்டர் மாட்யூலின் கையேடே வெகுகாலமாக இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைக்கிறது. ஆக, கோஹா செய்தது சரியான காரியம். பழைய வழக்கத்தை நம்பியிருந்த வெளி ஸ்கிரிப்ட்கள்தான் தடுமாற வேண்டியிருந்தது.

மறுநாள் காலையே மின்னஞ்சல் ஸ்கிரிப்ட் விழுந்துவிட்டது. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்களை ஓட்டும் கிரான் அனுப்பிய செய்தியில் ‘அன்டிஃபைன்ட் சப்ரூட்டீன் &மெயின்::டிடி_ஃப்ரம்_ஸ்ட்ரிங்’ என்று, அதாவது அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று இருந்தது. புரோகிராமர் காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்தார். யூஸ் வரிகளில் தேவையான பெயர்களைச் சேர்த்தார், ஸ்கிரிப்ட் ஓடியது. அப்புறம், மற்ற ஸ்கிரிப்ட்களிலும் இதே சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றையும், ஓட்டாமல் கம்பைல் மட்டும் (ஓட்டுவதற்கு முன் படித்துத் தயார்) செய்து பார்க்கும் ‘பெர்ல் -சி’ கொடுத்துச் சோதித்தார். எல்லாவற்றுக்கும் ‘சின்டாக்ஸ் ஓகே’ என்று வந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல்: என்ன கண்ணில் பட்டது

நோ டியூஸ் பட்டியல் வழக்கம்போல எடுக்கப்பட்டது. துறைவாரியாக அச்சடித்துக் கொடுத்தார்கள். எந்தத் துறைத் தாளைப் பார்த்தாலும் நிலுவைப் பத்தியில் பூஜ்யம். அந்த ஆண்டு நூலகர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். சொன்னதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுதான் நூலகத்தில் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறும் சொல்ல முடியாது.

கையெழுத்துகள் ஓரளவு போட்டு முடித்த நிலையில், ஒரு மாணவர் இரண்டு புத்தகங்களோடு கவுன்ட்டருக்கு வந்தார். கவுன்ட்டர் உதவியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு நூலகரிடம் போனார்.

“மேடம், இந்தப் பையனுக்கு நோ டியூ போட்டாச்சு. ஆனா கையில ரெண்டு புக் வெச்சிருக்கான்.”

“சிஸ்டத்துல பாருங்க.”

“பார்த்துட்டேன் மேடம். அவன் பேர்லதான் இருக்கு. பழைய ஃபைனும் இருக்கு.”

அன்று மதியமே நூலகர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகவும் பயன்பட்டது இதுதான். மற்றவையெல்லாம் கோடு சம்பந்தப்பட்டவை.

ஏன் பூஜ்யம் வந்தது

நோ டியூஸ் ஸ்கிரிப்டிலும் அதே டிடி_ஃப்ரம்_ஸ்ட்ரிங்தான் இருந்தது. இன்றைய தேதியை எடுக்க அந்த ஃபங்ஷன், அதுவரை ஏறியிருக்கும் அபராதத்தைக் கணக்கிட கேல்க்ஃபைன். இந்த நூலகத்தில் அபராதம் தினமும் கணக்கில் ஏறுவதில்லை, புத்தகம் திரும்பும்போதுதான் ஏறும். அதனால், இன்னும் கையிலிருக்கும் புத்தகத்துக்கு இன்றுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதை ஸ்கிரிப்டே கணக்குப் போட வேண்டியிருந்தது.

ஆனால் இங்கே அந்தப் பகுதி முழுவதும் ஓர் இவால் அடைப்புக்குள், அதாவது உள்ளே பிழை வந்தாலும் ஸ்கிரிப்டை நிறுத்தாமல் மேலே போகவிடும் அடைப்புக்குள் இருந்தது. காரணம் இருந்தது. பழைய பதிவுகள் சிலவற்றில் தேதி தாறுமாறாக இருந்ததால், ஒரே ஒரு மாணவரின் பதிவு மொத்தப் பட்டியலையும் பாதியில் நிறுத்திவிடும். அதைச் சமாளிக்க முன்பிருந்தவர் இவால் போட்டார். நிலுவையை முதலில் பூஜ்யமாக வைத்து, அடைப்புக்குள் கூட்டிக்கொண்டே போவார். பிழை வந்தால் அதைச் சொல்லும் மாறியான $@ என்ன சொல்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. டிசம்பருக்குப் பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் அடைப்பின் முதல் வரியிலேயே பிழை வந்து அந்த அடைப்பு நின்றது. நிலுவை தொடங்கிய இடத்திலேயே, பூஜ்யத்திலேயே நின்றது. புத்தக எண்ணிக்கையும் அதே அடைப்புக்குள் இருந்ததால் அதுவும் பூஜ்யம்.

இவாலுக்கு அடுத்த வரியில் $@-ஐ அச்சடிக்கச் சொன்னதும், டிசம்பரில் பார்த்த அதே செய்தி மாணவருக்கு ஒன்றாகக் கொட்டியது.

அந்தச் செய்தியில் ‘&மெயின்::’ என்ற முன்னொட்டைக் கவனிக்க வேண்டும். பெர்ல் அந்த ஃபங்ஷனைக் கோஹாவின் மாட்யூலில் தேடவில்லை. ஸ்கிரிப்டின் சொந்த பேக்கேஜான (அதன் பெயர்கள் சேர்ந்திருக்கும் இடமான) மெயினில் தேடியிருக்கிறது. எக்ஸ்போர்ட் என்பது இவ்வளவுதான்: மாட்யூலில் இருக்கும் ஃபங்ஷனுக்கு, கூப்பிடுகிறவரின் பேக்கேஜில் இன்னொரு பெயரை ஒட்டிவைப்பது. ‘யூஸ்’ என்ற வரி, கம்பைல் ஆகும் நேரத்திலேயே மாட்யூலை ஏற்றிவிட்டு அதன் மீது ‘இம்போர்ட்’ என்ற கிளாஸ் மெதடை (மாட்யூலின் பெயரிலேயே கூப்பிடும் மெதடை) கூப்பிடுகிறது. ஃபங்ஷனைக் கொண்டுவருவதே ஒரு மெதட் அழைப்புதான் என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும். ஒட்டிவைக்க ஆள் இல்லையென்றால் மெயினில் அந்தப் பெயர் இல்லை. பெர்லின் கண்டிப்புச் சோதனையான ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தாலும் இதைப் பற்றி அது வாய் திறக்காது.

பெர்ல் -சி ஏன் பிடிக்கவில்லை

டிசம்பரில் செய்த சோதனை வீணான சோதனை அல்ல. தவறான கேள்விக்குச் சரியான பதிலைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

பெர்லில் ஒரு பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருந்தால் அது ஃபங்ஷன் அழைப்பு என்று எடுத்துக்கொண்டு கம்பைல் ஆகிவிடும். அப்படி ஒரு ஃபங்ஷன் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். ஸ்கிரிப்டில் ‘டிடி_ஃப்ரம்_ஸ்ட்ரிங்()’ என்று அடைப்புக்குறியோடு எழுதியிருந்தது. அடைப்புக்குறி இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்திருந்தால் ஸ்ட்ரிக்ட் அதை வெறும் சொல் என்று சொல்லி அங்கேயே நிறுத்தியிருக்கும். நல்ல பழக்கமாகப் போட்ட அடைப்புக்குறிதான் இங்கே பிழையை மறைத்தது.

கூப்பிடும் வழிகளை இந்தக் கோணத்தில் புரோகிராமரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். வேண்டுமென்றே பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு பெர்ல் -சி கொடுத்தோம். தானாக வரும் எக்ஸ்போர்ட்டை நம்பி அடைப்புக்குறியோடு கூப்பிட்டால் பிடிபடவில்லை. ‘சி4::ஓவர்டியூஸ்::’ என்று முழுப் பெயரையும் போட்டுக் கூப்பிட்டாலும் பிடிபடவில்லை. ஆப்ஜெக்ட் மெதடாகக் கூப்பிட்டால் பிடிபடவே வழியில்லை. எந்த கிளாஸின் (ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் அச்சின்) ஆப்ஜெக்ட் என்பதே ஓடும்போதுதான் முடிவாகிறது. யூஸ் வரியில் பெயரைக் குறிப்பிட்டு இம்போர்ட் செய்ததில் மட்டும், அந்தப் பெயரை இந்த மாட்யூல் எக்ஸ்போர்ட் செய்யவில்லை என்று சொல்லி அந்த வரியிலேயே நின்றுவிட்டது. யூஸ் வரி கம்பைல் நேரத்தில் ஓடுவதால் பெர்ல் -சி-யே போதும்.

ஃபங்ஷன் பழசு, ஆப்ஜெக்ட் புதுசு, அதனால் ஆப்ஜெக்ட்தான் பாதுகாப்பு என்று பலரும் பேசுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நிலைமை நேர் எதிர்.

உடனடியாகச் செய்தவை

அன்றே மூன்று காரியங்கள் நடந்தன. யூஸ் வரிகளில் தேவையான பெயர்களைச் சேர்த்தார்கள். இவாலை எடுக்கவில்லை, மோசமான தேதி இன்னும் சில பதிவுகளில் இருந்தது. அதற்குப் பதிலாக, பிழை வந்தால் அந்த மாணவரின் நிலுவைப் பத்தியில் எண்ணுக்குப் பதில் ‘சரிபார்க்கவும்’ என்று வரும்படி மாற்றினார்கள். பூஜ்யம் என்பது கணக்குப் போட்டு வந்த விடையாக மட்டுமே இருக்க வேண்டும், விடை தெரியாதபோது நிரப்பும் எண்ணாக இருக்கக் கூடாது என்று முடிவானது. மூன்றாவதாக, ஒரு துறையின் பட்டியலைக் கோஹாவின் பணியாளர் திரையில் ஒவ்வொருவராகத் திறந்து கையால் ஒப்பிட்டார்கள். பொருந்தியது. பிறகுதான் புதிய பட்டியல் துறைகளுக்குப் போனது.

ஏற்கெனவே கையெழுத்து வாங்கிப் போன மாணவர்களில் புத்தகம் வைத்திருந்தவர்களை நூலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தால் போதும், அபராதம் வேண்டாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். தவறு மாணவர்கள் பக்கம் இல்லாதபோது அதுதான் நியாயம். பெரும்பாலான புத்தகங்கள் வந்துசேர்ந்தன.

கோடை விடுமுறை: எந்தப் பாணி

இனி நிரந்தரமாக என்ன செய்வது என்று பேசினோம். எல்லாவற்றையும் ஆப்ஜெக்டாக மாற்றிவிடலாம் என்பது புரோகிராமரின் கருத்து. கோஹாவே அந்தத் திசையில்தான் போகிறது என்பது அவர் வாதம், அது உண்மையும்கூட. என் கருத்து வேறு. ஒரு வேலைக்கு நினைவில் வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஆப்ஜெக்ட். உள்ளே கொடுத்ததற்கு ஏற்ப ஒரு விடையைத் தந்துவிட்டுப் போவதென்றால் ஃபங்ஷன் போதும், அதைப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்ய வேண்டும்.

அதன்படி பிரித்தோம். நோ டியூஸ் கணக்குக்கு ஒரு கிளாஸ்: எந்தத் தேதி வரை என்பதை உருவாக்கும்போதே வாங்கிக்கொள்ளும், ஒரு மாணவரைக் கொடுத்தால் பாக்கியைச் சொல்லும். மாணவரின் பழைய பாக்கியை, கோஹா::பேட்ரன்ஸில் அவரைத் தேடி எடுத்து, அவருடைய அக்கவுன்ட்டின் பேலன்ஸ் மெதடைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்கிறது. கையிலிருக்கும் புத்தகங்களுக்கு ஏறியிருப்பதை மட்டும் கேல்க்ஃபைன் ஃபங்ஷன் கணக்கிடுகிறது. ஒரே மெதடுக்குள் இரண்டு பாணியும் இருப்பது அழகாக இல்லை என்று புரோகிராமருக்கு வருத்தம். கோஹாவிலேயே அந்த இரண்டும் இருக்கும்வரை நம் கோடு மட்டும் ஒரே பாணியில் இருப்பது போல நடிப்பதில் பயனில்லை.

தொகையை முழு ரூபாய்க்கு மாற்றும் சின்ன ஃபங்ஷனும் அதே கோப்பில் இருந்தது. இங்கே ஒரு வேண்டாத நாடகம் நடந்தது. முழுப் பெயரோடு, இரட்டைப் புள்ளிகளோடு கூப்பிட வேண்டிய இடத்தில், சுற்றியிருந்த மெதட் அழைப்புகளின் பழக்கத்தில் அம்புக்குறி விழுந்துவிட்டது. இரண்டும் பெர்லில் செல்லும். ஆனால் அம்புக்குறி போட்டுக் கிளாஸ் பெயரில் கூப்பிட்டால் அந்தக் கிளாஸின் பெயரே முதல் ஆர்க்யூமென்ட்டாக (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பாக) உள்ளே போகும். ஃபங்ஷன் தனக்கு வந்த முதல் மதிப்பைத் தொகை என்று எடுத்துக்கொண்டது. எழுத்துகளை எண்ணாக மாற்றினால் பெர்லுக்கு அது பூஜ்யம். ஆக, மறுபடியும் எல்லோருக்கும் பூஜ்யம்!

இந்தத் தடவை அது வெளியே போகவில்லை. ‘எண் அல்ல’ என்ற எச்சரிக்கை லாக்கில் வந்திருந்தது, பழைய ஸ்கிரிப்ட்டின் விடையோடு ஒப்பிட்டபோது வித்தியாசமும் தெரிந்தது. திருத்தம் வெறும் எழுத்துப் பிழைத் திருத்தமாக நிற்கவில்லை. ரூபாய் ஃபங்ஷனைத் தனி மாட்யூலுக்கு நகர்த்தினோம். ஒரு கோப்பில் ஒன்று மெதட்கள் இருக்கும், அல்லது எக்ஸ்போர்ட் ஆகும் ஃபங்ஷன்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்காது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டையும் ஒரே மாட்யூலில் கொடுக்கவே முடியாது என்றில்லை. வெகுகாலம் பெர்லோடு சேர்ந்தே வந்து, 2015-இல் 5.22 வெளியீட்டோடு அதிலிருந்து விலக்கப்பட்ட, இணையப் பக்கங்களுக்கான சிஜிஐ மாட்யூல் அப்படித்தான் இருந்தது. ஃபங்ஷனாகவும் கூப்பிடலாம், மெதடாகவும் கூப்பிடலாம். அதற்காக அது உள்ளே ஒரு பொது ஆப்ஜெக்டை மறைத்து வைத்துக்கொண்டு, முதலில் வந்தது ஆப்ஜெக்டா சாதாரண மதிப்பா என்று திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்த மாட்யூலின் ‘ஹெட்’ ஃபங்ஷனும் இணையத்திலிருந்து பக்கங்களை எடுக்கும் எல்டபிள்யூபி::சிம்பிள் மாட்யூலின் ‘ஹெட்’ ஃபங்ஷனும் ஒரே ஸ்கிரிப்டில் மோதிக்கொள்வது பழைய பெர்ல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சில நூறு வரி நூலக ஸ்கிரிப்டுக்கு அவ்வளவு சாமர்த்தியம் வேண்டாம்.

சோதனைக் கோடு எழுதும்போது

ஒரு குறிப்பிட்ட தேதியில் அபராதம் எவ்வளவு என்று சோதிக்க, ‘இன்று’ என்பதை நாமே நிர்ணயிக்க வேண்டும். புரோகிராமர் முதலில் கோஹா::டேட்யூட்டில்ஸ் மாட்யூலில் இருக்கும் டிடி_ஃப்ரம்_ஸ்ட்ரிங்கை சோதனைக்குள் மாற்றி எழுதினார். ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, நிஜத் தேதியையே எடுத்தது. இம்போர்ட் நடந்த நேரத்தில் பழைய ஃபங்ஷன் நம் பேக்கேஜின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூல மாட்யூலில் பிறகு என்ன மாற்றினாலும் நம் பக்கம் ஒட்டியிருப்பது மாறாது. மெதடாக இருந்தால் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தேடப்படுவதால் மாற்றம் உடனே தெரிந்திருக்கும். இங்கே ஆப்ஜெக்ட் பாணிக்குத்தான் வெற்றி.

தேதியைக் கிளாஸுக்கு வெளியிலிருந்து கொடுக்கும்படி வைத்தது இந்தச் சிக்கலையும் தீர்த்தது. சோதனை தனக்கு வேண்டிய தேதியைக் கொடுத்து ஆப்ஜெக்டை உருவாக்குகிறது, எதையும் மாற்றி எழுதத் தேவையில்லை.

இன்னொரு சின்ன விஷயம். கிளாஸ் கோப்புக்குள் இம்போர்ட் செய்த ஃபங்ஷன்கள் அந்தக் கிளாஸின் மெதட்களாகவும் கூப்பிட வாய்க்கும். நம் நோ டியூஸ் ஆப்ஜெக்ட் மீது அம்புக்குறி போட்டு கேல்க்ஃபைன் என்று எழுதினால் பெர்ல் மறுக்காது, ஆப்ஜெக்டை முதல் ஆர்க்யூமென்ட்டாகத் தள்ளிவிட்டுக் கூப்பிடும். இம்போர்ட் செய்த பெயர்களை மெதட்களாகக் கூப்பிட முடியாமல் செய்யும் நேம்ஸ்பேஸ்::கிளீன் மாட்யூலைப் போட்டு அதை அடைத்தோம்.

பிறகு நடந்தது

அடுத்த ஏப்ரல் பட்டியல் சிக்கலில்லாமல் வந்தது. சில பெயர்களுக்கு நேரே ‘சரிபார்க்கவும்’ என்று வந்தது. எல்லாம் பழைய தேதிப் பிழைகள். நூலகத்தில் அவற்றைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள், முடிந்ததும் இவாலை எடுத்துவிடலாம்.

கோடு எழுதும் முறையைச் சரிபார்க்கும் பெர்ல்கிரிட்டிக் கருவியை எல்லா உள்ளூர் ஸ்கிரிப்ட்கள் மீதும் ஓட்டினார்கள். தானாக எக்ஸ்போர்ட் செய்வதைத் தடுக்கும் விதி அதில் இருக்கிறது. உள்ளூர் மாட்யூல்களில் மிச்சமிருந்த @எக்ஸ்போர்ட் பட்டியல்கள் அப்போதுதான் வெளியே வந்தன.

மீண்டும் செய்வதானால்

மேம்படுத்தலுக்கு முன்பே ஸ்கிரிப்ட்களின் யூஸ் வரிகளில் பெயர்களை எழுதிவிட வேண்டும். பழைய கோஹாவிலும் அது அப்படியே ஓடியிருக்கும், புதியதில் எது இல்லை என்பதை பெர்ல் -சி-யே சொல்லியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்டை மேம்படுத்திய வாரமே ஒருமுறை நிஜமாக ஓட்டி, முந்தைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை கோஹா வெளியாவதால் இந்த வேலை ஓயாது. சி4 மாட்யூல்களிலிருந்து ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவதால், கேல்க்ஃபைனை நம்பியிருக்கும் அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று புரோகிராமர் கோப்பின் தலையிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.